சுத்தமான கார்

காலை பத்தே முக்காலுக்கு ஷட்டர் மேலே ஏறியபோதும் சிவப்புக் கார் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. காருக்கு அடியிலிருந்த குழியில் பரிசோதகர் சுவரோடு சரிந்து கிடந்தார். கையிலிருந்த டார்ச் எரிந்தது. உயிர் இல்லை.

இறந்தவர் அந்த வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தின் தலைமைப் பரிசோதகர். காரில் இருந்தவன் அவருடைய மருமகன். அந்தக் காரை ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில் ஆக்கித் திருப்பி அனுப்பியவரும் அவரேதான்.

பதினொன்றேகாலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி. யாராவது பொய் சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"கேட்டைப் பூட்டுங்க. உள்ள இருக்கிறவங்க உள்ளயே இருக்கட்டும்."

பரிசோதனைக் கொட்டகை ஒரு நீண்ட பெட்டி. முன்னால் ஒரு ஷட்டர், பின்னால் ஒரு ஷட்டர். ஜன்னல் இல்லை. இரண்டையும் இறக்கி ஏற்றுவது கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் அக்கா.

"எதுக்கு மூடினீங்க?"

"எல்லாக் காருக்கும் மூடுவோம் மேடம். காத்தடிச்சா மெஷின்ல நம்பர் ஆடும்."

"அப்புறம்?"

"சைலன்சர்ல கம்பியைச் சொருகிட்டு சார் குழிக்குள்ள இறங்குவாரு. அங்க இருந்து சுவிட்சைப் போட்டா காருக்கு முன்னாடி சிவப்பு லைட் எரியும். அது அணையற வரைக்கும் டிரைவர் மிதிச்சுக்கிட்டே இருக்கணும்."

"இன்னைக்கு?"

"அணையவே இல்ல. மருமகன் காராச்சே, குடைஞ்சு பாக்கறாருன்னு விட்டுட்டேன்."

"குழியிலேர்ந்து புகை வெளிய போக வழி?"

"ஒரு குழாய் சுவரைத் தாண்டிப் போகும். அதுக்கு இழுக்கற ஃபேன் எரிஞ்சு மூணு வாரமாச்சு. சொன்னா, வரும் வரும்ங்கறாங்க. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு நாள் எதிர்பாக்கல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சார் காலையில ஏதாவது சொன்னாரா?"

அவள் தயங்கினாள். "'இன்னைக்கு ஒருத்தன் என்கிட்ட மாட்டப் போறான்'னாரு." அவள் கண் மருமகன் பக்கம் போய்த் திரும்பியது.

மருமகன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலை கனக்கிறது என்றான். காரின் கண்ணாடிகளை ஏற்றி வைத்திருந்ததால் பிழைத்தான் என்றார் போலீஸ் டாக்டர். குழியிலிருந்தவரைக் கொன்றது புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. கொட்டகைக்குள் இருந்ததோ ஒரே ஒரு கார். அதன் ஆக்சிலரேட்டரில் இருந்தது ஒரே ஒரு கால்.

அடுத்த காருக்காகத் தன் வேனில் வந்து காத்திருந்த மெக்கானிக், எண்ணெய்த் துணியில் கை துடைத்தபடி தானாகவே பக்கத்தில் வந்தான்.

"நாலு வருஷமா அந்தக் காரை நான்தான் பாக்கறேன் மேடம். எஞ்சினை நோண்டி நோண்டி வெச்சிருக்கான். அது விடற புகை ஒரு தெருவையே சாய்ச்சிடும். பாவம், பெரியவர் போய்ச் சேர்ந்தாரு."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான். கொஞ்சம் டியூனிங்."

"நல்லது. அடியில சில நட்டைக் கழட்டணும். ஸ்பானர் இருக்கா?"

"வேன்ல இருக்கு."

அவனுடைய பழைய பெட்ரோல் வேன் கொட்டகைச் சுவருக்கு முதுகைக் காட்டி ஒட்டி நின்றது. முன்கதவைத் திறந்து, சீட்டைத் தாண்டித் தவழ்ந்து, பின்னால் கையை நீட்டி ஸ்பானர் பெட்டியை இழுத்தான். வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது.

"தொப்பை மேடம்" என்று சிரித்தான்.

பன்னிரண்டு மணிக்கு இறந்தவரின் மகள் வந்தாள். போலீஸ் தடுத்தும் நிற்கவில்லை. நேராகக் கணவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ மிதிச்சியா?"

"லைட் எரிஞ்சுது…"

"நான் அதைக் கேக்கல."

"மிதிச்சேன்."

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டாள். பூட்டிய கேட், இறங்கிய பின்ஷட்டர், குழி, அவள் முகம். அவன் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு சுவர் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தம்பி, ஸ்கிரீன்ல உங்க காருக்கு பாஸ்னு வந்திருக்கு. கார்பன் மோனாக்சைடு இல்லவே இல்லங்கற அளவுக்குக் குறைச்சல். பாத்தீங்களா?"

"மெஷின் ரிப்பேரா இருக்கும்."

கண்ணாடி கழன்றது. துடைக்கப்பட்டது. மீண்டும் மூக்கில் ஏறியது.

இரண்டு ஷட்டர்களையும் திறந்து வைத்துக் காரை மறுபடி சோதிக்கச் சொன்னார். கவுன்ட்டர் அக்கா கம்பியைச் சொருகினாள். ஒரு காவலர் மிதித்தார். கொட்டகை அதிர்ந்தது. சத்தத்தில் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். ஆனால் திரையில் அதே எண். பாஸ்.

பிறகு இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு குழிக்குள் இறங்கினார். காரின் அடிவயிறு முழுக்கத் துரு, சேறு. நடுவில் ஒரே ஒரு டப்பா மட்டும் பளிச்சென்று இருந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர். அதைப் பிடித்திருந்த நட்டுகளுக்கு ஸ்பானரே வேண்டாம். கையாலேயே திருகும் காது வைத்த நட்டுகள். டப்பாவின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டிய தடம்.

மேலே வந்தவர் மருமகனிடம் மெதுவாகப் பேசினார்.

"உங்க கஷ்டம் புரியுது. கார் அழுக்குன்னு சொன்னா நீங்கதான் கொன்னீங்கன்னு ஆகும். சுத்தம்னு சொன்னா, எப்படிச் சுத்தமாச்சுன்னு கேப்பேன். அப்ப காரைப் பறிமுதல் பண்ணிடுவோம். காரா, நீங்களா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"டப்பா வாடகை" என்றான். "என்னோடதைக் கழட்டி எப்பவோ வித்துட்டேன். பரிசோதனை அன்னைக்கு மட்டும் மாட்டிட்டுத் திருப்பிக் குடுக்கணும்."

"யார்கிட்ட?"

அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாசலில் எண்ணெய்த் துணி கீழே விழுந்தது.

"ஆமா, வாடகைக்கு விட்டேன்!" மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. "ஊர்ல எவன் விடல? அதுக்காகக் கொலைகாரனா?"

"அதுக்காக இல்ல. ஒரே டப்பா கார் காரா மாறி வர்றதைப் பெரியவர் கண்டுபிடிச்சுட்டாரு. அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்ட் வெச்சாரு. போன கார்லேர்ந்து கழட்டும்போது நீங்க அதைப் பாத்துட்டீங்க. சுரண்டினீங்க. இன்னைக்கு மாட்டப் போறான்னு அவர் சொன்னது மருமகனை இல்ல, உங்களை."

"நான் உள்ளயே போகல மேடம். ஷட்டர் மூடியிருந்துச்சு."

"போக வேண்டாமே. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. காலையில உங்க கையாலயே சுத்தமான டப்பாவை மாட்டினீங்க. அந்தக் கார் இன்னைக்கு ஒரு கொசுவைக்கூடக் கொல்லாதுன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தும் தெருவையே சாய்க்கும்னு நீங்களா ஓடிவந்து சொன்னீங்க. தன் கைவேலையைத் தானே மட்டம் தட்டற மெக்கானிக்கை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. கார் போயிடுமோங்கற பயத்துல இந்தத் தம்பி வாயைத் திறக்க மாட்டான்னு நம்பினீங்க."

"அது… பதட்டத்துல…"

"சரி. உங்க ஸ்பானரெல்லாம் வேனுக்குப் பின்னாடி இருக்கு. தினமும் பத்துத் தடவை திறக்கற கதவு. அதைத் திறக்கவே முடியாதபடி சுவரோட ஒட்டி எவனாவது நிறுத்துவானா? சீட்டுக்கு மேல தவழ்ந்தீங்களே, அது தொப்பையால இல்ல."

அவர் தலையசைத்தார். காவலர்கள் வேனைக் கையால் முன்னே தள்ளினார்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. குழிக்குள் போகும் குழாய். வேனின் சைலன்சர் இருந்த உயரத்திலேயே, அதன் உதட்டைச் சுற்றி ஈரம் காயாத கரி வட்டம்.

"இழுக்க ஃபேன் இல்லன்னா குழாய்க்கு உள்ளே வெளியேன்னு வித்தியாசம் கிடையாது. பெரியவர் இறங்கினதும் நீங்க வேனை ஸ்டார்ட் பண்ணீங்க. அது விட்ட புகை முழுக்கக் குழிக்குள்ள போச்சு. உள்ள அவன் கார் கத்தின கத்துல உங்க எஞ்சின் சத்தம் யாருக்கும் கேக்கல."

மெக்கானிக் கேட்டைப் பார்த்தான். அது பூட்டியே இருந்தது.

அவனைக் கொண்டு போனபின் இன்ஸ்பெக்டர் மருமகனிடம் கையை நீட்டினார். அவன் கார்ச் சாவியை எடுத்து வைத்தான். "நீங்க போகலாம்" என்றார். அவன் எழுந்திருக்கவில்லை. மனைவி அவனைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"மேடம், அப்பா கூப்பிட்டிருப்பாரா?"



"அந்தப் புகை கூப்பிட விடாதும்மா. தூக்கம் மாதிரி வந்து அமுக்கிடும்."

சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் அப்படியே கையில் வைத்திருந்தார்.

அந்தப் பெண் தலையாட்டினாள். கணவனிடம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து கேட்டை நோக்கி நடந்தாள். அவனும் எழுந்து பின்னால் போனான். தெருமுனை திரும்பும் வரைக்கும் இருவருக்கும் நடுவில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. அவன் எட்டிப் பிடிக்கவும் இல்லை.