ஆவணித் தாளின் சிவப்புச் சதுரம்

ஆவணி மாதத் தாளில் ஐசாக்கின் வீடு சிவப்பாக இருந்தது.

இருக்கக் கூடாது. சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கிற ஆவணியில், கிணற்று நீர் பாய்கிற தோட்டங்களைத் தவிர அவன் ஊரான உரும்பிராய் முழுக்க வெளிறித்தான் கிடக்கும். அதைப் பார்ப்பதுதான் ஐசாக்கின் வேலை. பூமியைச் சுற்றுகிற செய்மதி ஒன்று மேலிருந்து அளந்த எண்கள், பல்கலைக்கழகத்தின் புவியியல் பகுதிக்குக் கொழும்பிலிருந்து தாள் தாளாக வரும். ஒவ்வொரு எண்ணும் ஒரு பெரிய வளவின் அளவு நிலம். மரஞ்செடி அடர்ந்த இடத்துக்குச் சிவப்புப் பென்சில், காய்ந்த இடத்துக்கு மஞ்சள். வெளிநாட்டுச் செய்மதிப் படங்களில் பச்சை இலை சிவப்பாகத்தான் விழும் என்பதால் அந்த வழக்கம். மாரியில் குடாநாடு சிவக்கும், கோடையில் மஞ்சளாகும். இதுவரை தென்மராட்சிப் பக்கத்தைத் தீட்டிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் உரும்பிராய் கைக்கு வந்தது. ஒழுங்கையையும் குளத்தையும் வைத்துத் தன் வளவைத் தேடிப் பிடித்தான்.

அந்த வளவில் சிவப்பு விழுவதற்கு ஒரு செடிகூட மிச்சமில்லை. மிச்சம் வைக்காமல் வெட்டியவன் அவனேதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அங்கே மாவும் மாதுளையும் தேசியும் நின்றன, கிணற்றடியில் ஒரு பிச்சிப் பந்தல் நின்றது. கலியாணமான புதிதில் அவன் மனைவி சீலா நட்டவை. கன்றுகளைக் கொடுத்தவர் துரைராஜா என்ற விவசாயப் போதனாசிரியர், தேவாலயத்தில் அவளோடு சேர்ந்து பாடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் சீலா அந்த மனிதரோடு நின்று சிரிப்பதை ஐசாக் கண்டான். என்ன சிரிப்பு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கோடாலியை எடுத்தான். பந்தல் விழும்போது சீலா குசினிக் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, தடுக்கவுமில்லை. அதற்குப் பிறகு அவன் முன்னால் அவள் சிரித்ததேயில்லை.

பகுதித் தலைவர் நமசிவாயத்திடம் தாளைக் காட்டினான். மெஷின் பிழைவிட்டிருக்கும், நீர் மஞ்சளைத் தீட்டிவிட்டுப் போய்ச் சாப்பிடும் என்றார் அவர். ஐசாக் சாப்பிடப் போகவில்லை. வைகாசித் தாளையும் ஆடித் தாளையும் தேடி எடுத்துத் தீட்டிப் பார்த்தான். சுற்றிலும் மாதத்துக்கு மாதம் மஞ்சள் ஏறியிருந்தது. அவன் வளவு மட்டும் மாதத்துக்கு மாதம் சிவந்துகொண்டே வந்திருந்தது.

சீலா எதையோ வளர்க்கிறாள். அவன் கண்ணில் படாமல், அந்த ஆள் கொடுத்த எதையோ. வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட மனுசனுக்கு வேறு என்ன தோன்றும்?

அன்று பகலிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். படலையைத் திறக்கும் முன்பே பின்வளவிலிருந்து பேச்சுக் குரல் வந்தது. சீலாவின் குரல், கொஞ்சலும் செல்லக் கோபமுமாய், முடிவில் ஒரு சிரிப்போடு. கூடவே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். வெறுந்தரையில் விழுகிற தண்ணீர் மொத்தென்று விழுந்து அடங்கிவிடும். இது இலை இலையாகச் சொட்டி இறங்கியது. ஈர மண் வாசமும், அதற்கு மேலே, வெட்டி இரண்டு வருடமான பிச்சிப் பூவின் வாசமும் வேலி தாண்டி வந்தன.

சுற்றி ஓடினான். கிணற்றடியில் சீலா தனியாக நின்றாள். கையில் வெறும் வாளி. காய்ந்து வெடித்த செம்மண், வெட்டிய அடிக்கட்டைகள், குண்டுக்கு ஒளியப் பனங்குற்றி அடுக்கி மண் மூடிய பங்கர். ஒரு துளி ஈரம் இல்லை. அவள் முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக மறையாமல் கிடந்தது.

"ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீர்?"

சீலா அவனை வியப்பாகப் பார்த்தாள். "உங்களோடைதானே கதைச்சனான்."

நக்கல் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். ஆனால் விளக்கணைத்துப் படுத்தபோது அவள் கூந்தலில் பிச்சி மணத்தது. கண்ணை மூடினால் சிவப்புச் சதுரம் வந்தது. பொய் சொல்லச் செய்மதிக்கு என்ன தேவை? அது மேலிருந்து பார்க்கிறது, அவன் கீழிருந்து பார்க்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போவதுபோல் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். ஒழுங்கை முடக்கில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தான். வானத்தில் இராணுவத்தின் ஹெலிகொப்டர் சுற்றுகிற காலம் அது. சத்தம் கேட்டால் சனம் பங்கருக்குள் ஓடும், கூரையில் ஆளைக் கண்டால் சுடுவார்கள். பொறாமைக்கு அதெல்லாம் ஏறாது. முன்பக்கச் சுவரில் ஏணியை வைத்து ஏறினான். ஓடுகள் காலடியில் கிறீச்சிட்டன. உள்ளங்கை சுட்டது. முகட்டைப் பிடித்துத் தலையை மெல்ல நீட்டிப் பின்வளவைப் பார்த்தான்.

பச்சை.

அடர்ந்த, கறுத்த பச்சை. மா நின்றது. மாதுளை நின்றது. வெட்டிய இடத்தில், வெட்டாததுபோல். கிணற்றடியை மூடிப் பிச்சிப் பந்தல். சுற்றிலும் உரும்பிராய் மஞ்சளாகக் கிடந்தது.

பந்தலின் கீழே சீலா. பக்கத்தில் ஓர் ஆள், இவனுக்கு முதுகைக் காட்டி. தண்ணீர் ஊற்றினான். அவள் ஏதோ சொன்னாள், அவன் அவள் தோளில் கை வைத்தான். அவள் விலகவில்லை. துரைராஜாதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஐசாக் பார்த்தான்.

ஆள் திரும்பினான்.

இடுப்பில் ஐசாக்கின் சாரம். ஐசாக்கின் முகம். கொஞ்சம் சதை போட்டிருந்தது. நெற்றியில் சுருக்கம் இல்லை. கோடாலியை எடுக்காதவனின் முகம்.

பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. இதுவரை அறியாத பொறாமை. அவனைக் கொல்ல வேண்டும்.

"சீலா!"

அவளுக்குக் கேட்டது, ஆனால் சுற்றுமுற்றும் பார்த்தாளே தவிர மேலே பார்க்கவில்லை. அந்த ஆள் பார்த்தான். கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, நேராகப் பார்த்தான். பிறகு வீட்டைச் சுற்றி முன்பக்கம் நடந்தான். அவசரமில்லாமல்.

ஐசாக் சறுக்கி இறங்கினான். ஓடு உடைந்தது. விளிம்புக்கு வந்தபோது ஏணி அந்த ஆளின் தோளில் இருந்தது. ஓடு மாற்றி முடித்தவன்போல் அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

"ஆர் கூப்பிட்டது?" பின்னாலிருந்து சீலாவின் குரல்.

"ஒருத்தருமில்லை." கீழிருந்து ஐசாக்கின் குரல்தான் பதில் சொன்னது. "வாரும்."

கோப்பாய்ப் பக்கமிருந்து ஹெலியின் சத்தம் வந்தது.

ஐசாக் மறுபடி முகட்டுக்கு ஊர்ந்தான். வளவெல்லாம் கதவடைக்கிற, பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. கீழே இருவரும் பங்கரடிக்கு ஓடினார்கள். சீலா முதலில் இறங்கினாள். அவன் வாசலில் நின்று மேலே பார்த்தான். கூரையில் ஐசாக்கின் வெள்ளைச் சேட்டைத்தான் பார்த்தான். ஒரு தரம் தலையாட்டினான். உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தது.

சத்தம் தலைக்கு மேல் வந்துவிட்டது. மாவிலைகள் புரண்டன. ஓடுகளின் மேல் நிழல் விழுந்தது.

பங்கருக்குள்ளே சீலா சிரித்துக்கொண்டிருந்தாள்.