தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர்

“லிங்கசாமீங்களா? அவரு போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சுங்களே…”

அருள்புரம் டீக்கடைக்காரர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நதியா லிங்கசாமியின் தோட்டத்துக்குள் நுழைந்தாள். காலை எட்டரை மணி. தூறலில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மழைமானியின் அருகே, காக்கித் தொப்பி போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்…

அவள் கையிலிருந்த மழைப் பதிவேட்டு நகலில், போன மாதம் வரை லிங்கசாமியின் கையெழுத்து இருந்தது.

“யாரு… யாரது?” பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

உருவம் திரும்பியது. இளைஞன்! ஈர இமைகளுக்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்…

“ஏனுங்க, பேயப் பார்த்தாப்பல நிக்கறீங்க?”

“இந்தக் கையெழுத்தப் பார்த்துட்டு வேற எப்படி நிக்கிறதாம்?”

நகலைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அணைந்தது. அவன் லிங்கசாமியின் மகன் மகுடேஸ்வரன். அப்பா போன மறுநாளிலிருந்து தினமும் மழையை அளந்து, அவர் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறான்.

“எம்பேரப் போட்டா எங்கய்யன் இல்லைன்னு ஆயிருமுங்க… அதான்.”

நதியாவின் மனசு இளகியது. ஆனால் அவள் வேலை அப்படி. வெள்ள அபாயப் பட்டியல் தயாரிக்கும் கல்லூரிக் குழுவில், பழைய மழைக் கணக்குகளை நம்பலாமா என்று சரிபார்ப்பவள்.

“செத்தவரு பேர்ல எழுதுனத எப்படிங்க நம்புறது? தள்ளுபடின்னுதான் எழுதணும்.”

“பேருதானுங்க பொய். மழை பொய்யில்லீங்க!”

வெடுக்கென்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பாராமல் நடந்தான்.

அந்த ஓடைப் பக்கத்துக்கு இருப்பது இந்தக் கணக்கு மட்டும்தான்; தள்ளுபடி செய்தால் ஓடைக்கரையில் வரிசையாக நிற்கும் லைன் வீடுகள் பட்டியலில் வராது. எச்சரிக்கைச் சங்கும் வராது. அங்கே நாற்பது குடும்பங்கள்… அவளுடைய அம்மா பாண்டியம்மாளும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியவில்லை. வேறொரு சாட்சி வேண்டும்.

அந்த வீட்டுக்காரர்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பிட்டாள். பெருமழை பதிந்த பதினோரு நாளிலும், ‘ஓடையில் தண்ணி, ஆள் வரவில்லை’ என்று குறிப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நான்காம் நாள் காலை தோட்டத்துக்கு ஓடினாள்.

“மன்னிச்சிருங்க… உங்க மழை நெசந்தான். போன வருசம் அக்டோபர் இருபத்து மூணு, தொண்ணூத்து நாலு மில்லிமீட்டர், அதுகூட!”

அவன் முகம் வெளுத்தது.

“அன்னைக்கு நானு இங்க இல்லீங்க. காய்ச்சல்ல கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கெடந்தன். பதிவேட்டு ரூம் பூட்டியிருந்துச்சு, சாவி எங்கிட்ட. எட்டு நாள் கழிச்சு வந்து தொறந்தா… அந்த ஒரு நாள் மட்டும் எழுதியிருந்துச்சுங்க.”

பதிவேட்டைப் பிரித்துக் காட்டினான்.

“எனக்கு இந்த ‘லி’ சுழி எங்கய்யனாட்ட வராதுங்க. இதுல வந்திருக்குது, பாருங்க.”

நதியாவுக்குப் புல்லரித்தது. தூறல் நின்றிருந்தது. ஆனாலும் மழைமானிக்குள் சொட்… சொட்… என்று விழுந்துகொண்டிருந்தது.

அவள் அங்கேயே நின்று அறிக்கையை எழுதினாள். ‘மழை அளவு நம்பத்தக்கது. ஒரு நாள் பதிவை எழுதியவர் தெரியவில்லை, அளவு பொருந்துகிறது. ஓடைக்கரையைச் சேர்க்கவும்.’

“இத யார்கிட்டயும் சொன்னதில்லீங்க.”

“எங்கிட்ட மட்டும் ஏன்?”

“மூணு நாளா மழைய அளக்கறப்பெல்லாம் வழியத்தான் பார்த்துட்டிருந்தன்…” அவன் தரையைப் பார்த்தான். “உங்களப் புடிச்சிருக்குதுங்க.”

அவள் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தாள்.

“நேத்தே கம்பெனியில வேல முடிஞ்சிருச்சுங்க. இத போன்லயே சொல்லியிருக்கலாம். இந்த எடத்துக்கு வரவே பயமாத்தான் இருந்துச்சு…” தலை நிமிராமல் சொன்னாள். “உங்களப் பார்க்கணும்னுதான் வந்தேன்.”