கட்டை பிடித்த கை

முந்தின நாள் மாலை தட்டி நிமிர்த்திய மட்கார்டில், காலையில் பார்த்தால் மறுபடியும் பள்ளம் விழுந்திருந்தது. பெரிய பள்ளம் இல்லை, ஓர் ஆளின் தோள் பதிகிற அளவுதான். லோரீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். கணவனும் மகளும் இன்னும் வீட்டுக்குள் இருந்தார்கள். அவசரமாக ஒரு பழந்துணியை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள். ஐம்பத்தொன்பது வயதில், சொந்த ஷெட்டில், திருடி மாதிரி.

பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் டிசம்பரில் மூடுபனி இறங்கிவிட்டால் காலை பத்து மணியானாலும் விடிந்ததாகச் சொல்ல முடியாது. எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் எங்கேயோ முனகிக்கொண்டிருந்தன, எந்தத் திசையில் என்று தெரியவில்லை. ஷெட்டுக்குள் பெயின்ட் தின்னர் வாடை, உருக்கிய ஈயத்தின் வாடை, அவற்றுக்கு அடியில் இரண்டு நாளாக இன்னொரு வாடையும் இருந்தது. வாய்க்கால் சேற்று வாடை. மற்ற இருவர் மூக்கிலும் அது ஏறவில்லை போலும், யாரும் எதுவும் சொல்லவில்லை.

கார் லோரீனின் அப்பாவுடையது. அவர் போன பிறகு பண்ணைக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது, 1932 மாடல், இரண்டே கதவு. நாற்பது வருஷமாக யாரும் தொடாதது. பார்த்த நாளிலிருந்து மகள் டெஸ்ஸாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்த வேண்டும், பெரிய இன்ஜின் ஏற்ற வேண்டும், ஹாட் ராட் என்கிற வேக வண்டியாக்கி ஏப்ரல் கண்காட்சியில் நிறுத்த வேண்டும். மூன்று பேரும் சேர்ந்தே செய்ய வேண்டும், வெளியாள் கை படக்கூடாது. எண்ணெய் வயலிலிருந்து ஓய்வு பெற்று டிவி முன்னால் உறைந்து கிடந்த கணவன் டுவெய்னுக்குக்கூடப் புது ரத்தம் ஏறிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல லோரீனிடம் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாய்தான் வரவில்லை.

ஷெட்டுக்குள் வந்த டுவெய்ன் துணியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தான். "என்ன எழவு இது? நேத்துத்தானே நிமித்தினோம்!"

"பழைய தகடு. குளிருக்கு இழுத்திருக்கும்," என்றாள் லோரீன். "மட்கார்டே வேணாம் டெஸ்ஸா, கழட்டிப் போட்டுடலாம். ஹாட் ராட்னாலே சக்கரம் வெளிய தெரியணும்ல?"

"விளையாடுறியாம்மா? பெயின்ட சுரண்டினதும் பாத்தேல்ல, தாத்தாவோட சுத்தியல் தடம்? ஒவ்வொரு அடியும் எண்ணி வச்ச மாதிரி இருக்கு. இந்த டிங்கர் வேலை ஊர்ல எவனுக்கு வரும்? இத குப்பையில போடச் சொல்றியே!"

"உங்கம்மாவுக்கு அவங்கப்பா பேரச் சொன்னாலே மூஞ்சி சுருங்கிடுது," டுவெய்ன் சிரித்தான். "நான் மாமனார் எனக்கு மட்டுந்தான் வில்லன்னு நெனச்சேன்."

லோரீனின் காது நுனி வரை சுட்டது. டிங்கர் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் சுத்தியலால் தட்டினால், உள்பக்கம் இன்னொருவர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த மட்கார்டை அப்பா தட்டியபோது அடியில் படுத்துக் கட்டை பிடித்தவள் அவள்தான்.

டெஸ்ஸா டோனட் வாங்கப் பிக்கப் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். "நீ தட்டு லோரீன், நான் அடியில படுத்துக் கட்டை பிடிக்கிறேன்," என்றான் டுவெய்ன். அவள் காதடைப்பானை மாட்டிக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்பிச் சுத்தியல் தேடினாள். திரும்பியபோது காருக்கு அடியிலிருந்து ஒரு பூட்ஸ் கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுதான். மற்றதை மடக்கி வைத்திருப்பான். பூட்ஸ் முழுக்க ஈரச் சேறு.

"அதக் கழுவிட்டு வந்தா என்னவாம்?" என்றாள்.

தட்டினாள். கட்டை சரியாக அடிபட்ட இடத்துக்கு நேரே வந்து நின்றது. டுவெய்ன் ஒருநாளும் இவ்வளவு நன்றாகப் பிடித்ததில்லை. மேடு பள்ளம் பார்க்கக் கண்ணை நம்ப முடியாது, உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றித் தடவித்தான் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். டிசம்பர்க் குளிரில் தகடு வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கை போன வழியெல்லாம் அந்தச் சூடும் கூடவே வந்தது.

அப்போது கட்டை தானாகத் தட்டியது. மூன்று தடவை. ஓர் இடைவெளி. பிறகு ஒன்று.

சுத்தியல் அவள் கையிலிருந்து நழுவியது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், அவளுக்குப் பத்தொன்பது வயது. நடன விருந்து முடிந்து இதே பனியில், இதே காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். 'தொம்' என்று ஒரு சத்தம். விளக்கு வெளிச்சத்தில், ரோட்டில், தனியாக ஒரு பூட்ஸ். ஆள் கண்ணில் படவில்லை. மட்கார்டில் மட்டும் யாரோ தட்டினார்கள். மூன்று தடவை, பிறகு ஒன்று. பலமாக இல்லை, அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி மரியாதையாக. அவள் கதவைப் பூட்டினாள். வண்டியைப் பின்னால் எடுத்து, சுற்றிக்கொண்டு போய்விட்டாள். நாலாம் நாள் பேப்பரில் வந்தது. பெயர் எவரிஸ்தோ, திராட்சைத் தோட்டத்து ஆள், வாய்க்காலில் கிடந்தார், விடியும் வரை உயிர் இருந்திருக்கிறது. அப்பா படித்துவிட்டுப் பேப்பரை மடித்து அடுப்பில் போட்டார். "தகடு நல்லா வந்திருக்கு," என்றார். சாகும் வரை அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

பேப்பர் வந்த அன்று காலை அவள் மூன்று அப்பம் சாப்பிட்டாள். பசித்தது. நாற்பது வருஷமாக அவளை அதிகம் கூசவைத்தது அந்தப் பசிதான்.

காதடைப்பானைக் கழற்றினாள். நெற்றியை மட்கார்டில் சாய்த்தாள்.

"டுவெய்ன், வெளிய வராத. உன் மூஞ்சியப் பாத்தா என்னால சொல்ல முடியாது."

எல்லாவற்றையும் சொன்னாள். பூட்ஸ். தட்டல். பூட்டிய கதவு. அப்பம். "அந்தாளு உயிரோட இருந்தாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனேன். இதக் கேட்டப்புறமும் நீ என்கூட இருப்பியா?"

அடியிலிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது. மெதுவாக.

அவள் அழுதாள். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இவ்வளவு சுலபமாக இறங்குகிறதே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

வெளியே வண்டி வந்து நின்றது. ஷெட் கதவு திறந்து பனி உள்ளே புகுந்தது. டோனட் பெட்டியோடு டெஸ்ஸா. அவளுக்குப் பின்னால், தொப்பியைத் தட்டிக்கொண்டு, டுவெய்ன்.

"அடுத்த வீட்டு வாசல்கூடத் தெரியல, அப்படியொரு பனி," என்றான். "இவள தனியா விட்டா எவனையாவது இடிச்சுத் தொலைப்பாளேன்னு நானும் ஏறிட்டேன். கத்திச் சொன்னேனே, காதுல விழலையா? ஏன் அழுவுற?"

லோரீன் மட்கார்டிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

காருக்கு அடியில் ஏதோ இழுபட்டது. பூட்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு கால் மெதுவாக வெளியே நீண்டது. வெறுங்கால். சாம்பல் நிறம். விரல் இடுக்கெல்லாம் சேறு.

டெஸ்ஸாவின் கையிலிருந்த பெட்டி சாய்ந்தது.

"அம்மா, யாரது?"

மகள் கேட்கிறாள். கணவன் பார்க்கிறான். இருவர் முகமும் எதிரில் இருந்தன. பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

மூன்று தட்டு.

இடைவெளி.

அவள் உள்ளங்கைக்கு அடியில் தகடு மெல்ல மேலெழுந்தது. முதலில் பெருவிரல். பிறகு மற்ற நாலும். அவள் விரல்களுக்கு நேராக, ஒவ்வொன்றாக, சூடாக.