சாவி வேறொருவர் கையில்

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தால் கரண்டு இருக்கிறது என்று அர்த்தம். சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 1988 ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், வாடகைக் காரில் ஒரு கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு நான் அங்கே போய் இறங்கியபோது தெரு முழுக்க அந்தச் சடசடப்புதான்.

மாமனார் வீடு பூட்டிக் கிடந்தது. அவரும் மாமியும் மகனோடு இருக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள். என் மனைவி ஜெயபாயை மார்ச்சில் இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். மஞ்சள் காமாலை. அடக்கத்தில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுவதாகக் கேள்வி. பேசட்டும். அழுகை வந்தால்தானே அழ முடியும்? பல் பிடுங்குவதற்குப் போடுகிற மருந்து உடம்பு முழுக்கப் பரவியது போல இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தனியாவா தங்கப் போறிய தம்பி?"

"ஒரு வாரம்தான்க்கா. ஆபீஸ் வேலை இருக்கு."

"உள்ள அப்பப்ப டக்கு டக்குனு சத்தம் கேக்குது. எலியாத்தான் இருக்கும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வீட்டைப் பார்க்கவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. செய்திகளை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்து, சரியான சாவிச் சொல்லைக் கொடுத்தால் மட்டும் திறந்து காட்டுகிற புரோகிராம்களை எழுதி விற்றோம். தப்பான சாவியைக் கொடுத்தால் திரையில் 'சாவி தவறு' என்று வர வேண்டும். செய்தி கெட்டுப்போயிருந்தால் 'செய்தி சிதைந்துள்ளது' என்று வர வேண்டும். வருவதெல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். ஒவ்வொரு தப்பையும் வேண்டுமென்றே செய்து, அதற்குரிய வாக்கியம் வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மூளை மரத்துப்போனவன்கூடச் செய்யலாம். அதனால்தான் மேனேஜர் எனக்குக் கொடுத்தார். "தேவசுந்தரம், இதையாவது முழுசா முடிச்சுட்டு வாங்க. இல்லேன்னா மேலிடத்துல என்னால பேச முடியாது" என்றார்.

அந்த வாக்கியங்களை எல்லாம் எழுதியவள் ஜெயபாய். எனக்குப் பக்கத்து மேஜைக்காரி. அந்தக் காலி மேஜைக்குப் பக்கத்தில் வேலை ஓடவில்லை என்றுதான் மெஷினை இங்கே தூக்கி வந்தேன்.

அவற்றில் ஒன்று, 'சாவி வேறொருவர் கையில் இருக்கிறது.' ஒரு சாவியை ஒரே சமயத்தில் இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது. இரண்டு பேர் இருந்தால்தான் இந்தத் தப்பைச் செய்யவே முடியும். ஆபீசில் அவள் ஒரு திரையில் சாவியைப் பிடித்துக்கொள்வாள், நான் இன்னொரு திரையில் கேட்பேன். வாக்கியம் வந்து, நான் சரி போட்ட பிறகும் விட மாட்டாள். பல்வலிக்காக ஒதுக்கிய கிராம்பு வாயில் மணக்கச் சிரிப்பாள்.

"ஏட்டி, விடு."

"கெஞ்சுங்க. விடுதேன்."

சங்கரன்கோவிலில் மூன்றாம் நாள் முற்பகலுக்குள் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். பாக்கி அந்த ஒன்றுதான். இங்கே ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். அந்தத் தப்பு வர வழியே இல்லை. ஒப்புக்கு ஒரு தடவை சரியான சாவியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மூட்டை கட்டலாம் என்று கொடுத்தேன்.

'சாவி வேறொருவர் கையில் இருக்கிறது.'

மறுபடியும் கொடுத்தேன். அதே வாக்கியம். மெஷினை அணைத்து, மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

அதே வாக்கியம்.

குனிந்து வயர்களைப் பார்த்தேன். சுவருக்குப் போனது கரண்டு வயர் மட்டும்தான். நிமிர்ந்தபோது கிராம்பு வாசனை வந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு அதுவும் வரவில்லை.

வாக்கியத்துக்குக் கீழே வழக்கமான கேள்வி நின்றது: 'பறித்துக்கொள்ளவா? ஆம், இல்லை.' 'ஆம்' என்றால் சாவி என் கைக்கு வந்துவிடும். பிடித்துக்கொண்டிருக்கிற ஆளின் திரையில் 'உங்கள் தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வரும். அதையும் அவள்தான் எழுதினாள். ஒரு எழுத்தைத் தட்டினால் சோதனை முடிந்தது, என் வேலையும் தப்பித்தது. விரலைக் கொண்டுபோய் அந்த எழுத்தின் மேல் வைத்துவிட்டேன்.

தறிகள் நின்றன.

தெரு மொத்தமும் ஒரே நொடியில் வாயடைத்துப் போனது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. கரண்டு போய்விட்டது.

திரை அணையவில்லை.

பச்சை எழுத்துகள் அப்படியே நின்றன. 'பறித்துக்கொள்ளவா?'

அந்த அமைதியில் பின்னறையிலிருந்து சத்தம் கேட்டது. டக்கு டக்கு. எலி இல்லை, கீபோர்டு தட்டுகிற சத்தம். எந்த விரல் எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியும். வேகமாகச் சில தட்டுகள், பிறகு ஒரு நிறுத்தம். நான் பதில் சொல்வதற்காக அவள் எப்போதும் விடுகிற நிறுத்தம்.

"ஏட்டி" என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விடாத" என்றேன்.

விரலை நகர்த்தி 'இல்லை' என்று தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் திரை அணைந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. வேர்வையென்று நினைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

ஒரு வாக்கியத்தைச் சோதிக்க முடியவில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவதென முடிவு செய்தேன். வேலை போனால் போகட்டும். மறுநாள் காலையில் கார் வந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டிகளை ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டத் திரும்பினேன். விரியத் திறந்து போட்டுவிட்டு வந்த கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

சாவி வாங்க வந்த ஆவுடையம்மாளும் தள்ளிப் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள யாரு தம்பி?" என்று கிசுகிசுத்தாள்.

சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அதைப் படியில் வைத்தேன்.

"யாரும் கதவைத் தட்ட வேண்டாம்க்கா. திறக்கச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம்" என்றேன். "கெஞ்சினா விட்டுருவா."

கதவுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், வேகமாகச் சில தட்டுகள் கேட்டன. பிறகு அந்த நிறுத்தம்.