கல்லோடு வந்தது

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பு வரப்பாக நடந்து அக்கா வீட்டு வாசலை மிதித்ததுமே வேதகிரிக்குக் கடல் வாடை அடித்தது. கடலோ அங்கிருந்து பகல் முழுக்க வண்டி கட்டிப் போகும் தூரம்.

கூடத்து இருட்டில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். நடுவே கறுத்த கல் ஒன்று. பக்கத்தில் எலும்பும் தோலுமாக அக்கா தேவகி, சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மகள் மலர்க்கொடி தரையில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள்.

போன மாசி மகத்தில் சதுரங்கப்பட்டினத்தில் குளிக்க இறங்கிய மூத்த பிள்ளை முத்துவேலை அலை கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காமல் கருமாதி கூடாதென்று தேவகி ஒற்றைக்காலில் நின்றாள். அவன் முங்கிய இடத்துத் தண்ணீரையும் கல்லையும் கொண்டுவரச் செய்தாள். தினமும் கல்லுக்குச் சோறு படைத்துப் பிள்ளையைக் கூப்பிட்டாள். அவள் தொண்டையில் மட்டும் சோறு இறங்கவில்லை.

அவள் கணவர் பெருமாள் வேதகிரியைத் தனியே இழுத்துப் போனார்.

"கல்லுல இன்னாமோ கீது வேதகிரி. கூப்ட்டா வருது. புள்ளதான்னு சொல்லிக்கினு கீறா. நீ காலேஜில இதெல்லாம் பாத்தவன். வெறும் பூச்சின்னு உன் வாயால சொன்னா கருமாதிக்கு ஒத்துக்குவா, ஒரு வாய் துன்னுவா. இல்லேன்னா அவளும் போய்டுவா."

வேதகிரி பட்டணத்தில் விலங்கியல் வாத்தியார். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஜாதி. பூதக்கண்ணாடியோடு தொட்டிமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மயிர்க் கால்களோடு ஒரு நண்டு. உடம்பெல்லாம் முள்ளாக ஒரு புழு. பாம்பு வால்போல் கைகள் நெளியும் ஒரு நட்சத்திர மீன்.

"எல்லாம் கல்லோட ஒட்டிக்கினு வந்ததுங்கக்கா. கடல்ல சாதாரணம்."

"அதுங்களையா நான் சொன்னேன்" என்றாள் தேவகி. ஒரு சோற்று உருண்டையைத் தண்ணீரில் போட்டாள். "முத்துவேலு, வா கண்ணு."

கல்லின் பொந்திலிருந்து வெள்ளை நூல்கள் நீண்டன. உருண்டையைச் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டன.

"நூல் நூலா கை நீட்ற புழு இது. காது கெடையாது. எந்தப் பேரச் சொன்னாலும் வரும். வேற பேரு சொல்லிப் பாரேன். மலரைக் கூப்புடு."

தேவகியின் கை நின்றது. "வேணாண்டா. படையல வெச்சிக்கினு உசுரோட கீற புள்ளையக் கூப்புடக் கூடாது."

"இது படையல் இல்லக்கா. புழுவுக்குத் தீனி."

முத்துவேலின் பேருக்கு மட்டும்தான் வரும் என்று அவள் மனதார நம்பினாள். அதைக் காட்டத்தான் இன்னொரு உருண்டையைப் போட்டாள்.

"மலர்க்கொடி."

நூல்கள் வந்தன.

முன்பைவிட வேகமாக வந்தன.

உருண்டையை அவை தொடவில்லை. கண்ணாடியில் ஒட்டி, குழந்தை இருந்த பக்கம் திரும்பி, அப்படியே நின்றன.

வேதகிரி அதைக் கவனித்தார். ஆனால் தேவகி உடைந்து அழுதுவிட்டாள், அது போதும் என்று இருந்துவிட்டார். "என் புள்ள இல்ல இது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பாவம், அன்றுதான் முத்துவேல் அவளுக்குச் செத்தான்.

பண்ணையாள் எல்லப்பன் தொட்டித் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டினான்; பாதி கிணற்றுக்குள் வழிந்தது. கல்லைச் சம்மட்டியால் பிளந்தான். நண்டு இருந்தது, முள் புழு இருந்தது. பொந்து மட்டும் காலியாக இருந்தது.

அன்று தேவகி சாப்பிட்டாள். பெருமாள் வேதகிரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையில் மலர்க்கொடியைக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. ஊட்டினால் தின்றாள், கைப்பிடித்தால் நடந்தாள். பேச்சில்லை. செங்கல்பட்டு டாக்டர், அவள் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். வேதகிரி லீவை நீட்டினார். தேவகி அதன்பின் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

முத்துவேலுக்குக் கருமாதி முடிந்தது. அடுத்த நாள் நல்ல வெயிலில், கிணற்றடியில் மலர்க்கொடியை மடியில் சாய்த்துத் தேவகி தலை வாரிக்கொண்டிருந்தாள். வேதகிரி பக்கத்தில் நின்றார். பெற்ற வயிறு, எத்தனை நாள்தான் கூப்பிடாமல் இருக்கும்?

"மலரு" என்றாள் மெல்ல.

மடியில் இருந்தவள் அசையவில்லை.

"இன்னாம்மா" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மலர்க்கொடியின் குரல்தான்.

தேவகி சீப்பைக் கீழே விட்டாள்.

"அம்மா," என்றது குரல், தூரத்திலிருந்து, நடுங்கிக்கொண்டு. "இங்க அண்ணன் இல்லம்மா. வேற யாரோ கீறாங்க."