ஓடைத் தோட்டத்து எல்லைக் கோடு

அன்று திங்கட்கிழமை. புந்தோங்கில் மத்தியானம் முழுக்க மழை. குடையை மடக்கக்கூட மறந்து, புனிதா அப்படியே ஹாபிஸ் கடைக்குள் வந்துவிட்டாள். வந்தவள் நேராகச் சுவரோரத்து மேசைக்குப் போனாள். அங்கேதான் சாரதாதேவி அம்மையார் தினமும் சீனி போடாத தேநீரோடு உட்கார்ந்திருப்பார்.

அம்மையார் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன நகை, கையெழுத்தில்லாத மிரட்டல் கடிதம் என்று அக்கம்பக்கத்தார் அவரிடம் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அவரும் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் மெதுவாக ஒன்றைச் சொல்வார், அது சரியாக இருக்கும். கடைக்காரர் ஹாபிஸ் அப்படி இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார்.

"அக்கா, டின் போயிருச்சு," என்றாள் புனிதா. "நாளைக்குச் சாயங்காலத்தோட கடைசி."

அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்த பிறகுதான் விஷயம் வரிசையாக வந்தது.

செமோருக்கு அப்பால் ஓடைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. ஜனங்கள் புந்தோங், சிலிம் ரிவர், கோலாலம்பூர் என்று சிதறிப்போனார்கள். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு பிரிவாக இருந்த தோட்டம் அது. மேல் டிவிஷனில் மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும்தான். ஆனால் யாரும் வாக்காளர் முகவரியை மாற்றவில்லை. தேர்தல் வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, மை வைத்த விரலோடு மர நிழலில் உட்கார்ந்து பழைய கதை பேசிவிட்டுப் போவார்கள். தேரும் தீமிதியும் நின்றுபோன தோட்டத்துக்கு அதுவே திருவிழா.

இப்போது சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைந்து பார்வைக்கு வைத்திருந்தார்கள். புதிய கோட்டின்படி மேல் டிவிஷன் பக்கத்துத் தொகுதிக்குப் போகிறது. கோயில் நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு போட்டிருக்கும் நேரம் அது. இந்தத் தொகுதியில் வெற்றியும் தோல்வியும் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கும் என்பதால், எந்தக் கட்சிக்காரரானாலும் இவர்களைத் தேடி வருவார். பக்கத்துத் தொகுதியோ பெரிது. அங்கே போனால் கடலில் கரைத்த பெருங்காயம்தான், பட்டாவைப் பற்றிக் கேட்க நாதி இருக்காது. நூறு வாக்காளர்கள் சேர்ந்து நாளை மாலைக்குள் ஆட்சேபம் கொடுத்தால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அதற்காக மேல் டிவிஷன்காரியான புனிதா பல வாரங்கள் ஊர் ஊராக அலைந்து கையெழுத்து வாங்கினாள். தாள்களையெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூஜையும் சாப்பாடும். டின்னைச் சமையற்கட்டை ஒட்டிய சாமான் அறையில் வைத்தாள். கிளம்பும்போது போய்ப் பார்த்தால் டின் இல்லை.

"ஜெயபாலன்தான். இதுல என்ன லா துப்பறியறது," என்றார் ஹாபிஸ், மேசையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு. "புது எல்லை வந்தா அவன் கட்சிக்குத்தான் லாபம். நேத்து கோயிலுக்கு வந்து சண்டை போட்டான். போறப்போ கையில பெரிய பை. நானே பாத்தேன். பாத்திரம் ஏத்த வேனோட பந்திக்கு முன்னாலயே போயிட்டேன்ல."

புனிதாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் வேறொரு வேதனையும் இருந்தது. சாமான் அறைச் சாவி அவளுடைய சொந்தத் தம்பி சுரேனிடம் இருந்தது. சுரேன் வேலை பார்ப்பது தோட்டத்து நிலத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனத்தில். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

சாரதாதேவி ஒரு கேள்விதான் கேட்டார். டின்னைக் கடைசியாகத் திறந்தது எப்போது?

புனிதா யோசித்தாள். பந்தி நடக்கும்போது ஒரு பெரியவர் தாமதமாக வந்து கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை உள்ளே வைத்து மூடியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பி விடைகொடுத்தாள். பின்வழி கிடையாது. அவ்வளவு பெரிய டின்னை யாரும் எடுத்துப் போகவில்லை. போனவர்கள் யாருடைய பையிலும் அது நுழையாது.

"வரைபடம் வச்சிருக்கிறீங்களோ பிள்ளை?"

இருந்தது. பூஜைக்கு முன்னால் சுவரில் ஒட்டி எல்லோருக்கும் காட்டிய பெரிய படம். சாரல் அடித்ததால் பந்திக்கு முன்பே சுருட்டி வைத்துவிட்டாள். அம்மையார் அதை மேசைமேல் விரித்து, கண்ணாடியைக் கழற்றி, முகம் படத்தைத் தொடும்படி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி விரல்கள் பட்டுப் படம் கசங்கியிருந்தது. தெற்கே, ஈயம் தோண்டி விட்ட பழைய ஈயக்குட்டைக்குப் பக்கத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கலான மஞ்சள் கறை.

"அது குழம்புக் கறை, அக்கா. விடுங்க," என்றாள் புனிதா.

ஹாபிஸ் தேநீர்க் குவளையை நிரப்பிக்கொண்டே தன் மனக்குறையையும் சேர்த்து ஊற்றினார். கோயிலுக்கென்று அவர் வாப்பா காலத்திலிருந்து தனியாக ஓர் அண்டா வைத்திருக்கிறார். அதில் இறைச்சி பட்டதே கிடையாது. விசேஷத்துக்கு எடுத்துப் போவார்கள், திரும்பி வரும்போது உள்ளே சர்க்கரைப் பொங்கலோ பாயசமோ ஒரு தூக்கில் இருக்கும். "சமையல் பாக்குற விமலாக்காவுக்கு வயசாயிருச்சு. இத்தன வருஷத்துல நேத்துதான் ஒண்ணுமே வெக்கல. வாயத் துணியால கட்டி, கழுவியாச்சு தம்பி, அப்படியே பரண்ல ஏத்திருன்னு சொல்லிட்டாங்க. என் பிள்ளைங்க ஏமாந்து போச்சுங்க."

சாரதாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று பேரைச் சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லும்படி ஹாபிஸிடம் கேட்டுக்கொண்டார். ஜெயபாலன், சுரேன், சமையல் செய்த விமலா.

மாலையில் மூவரும் வந்தார்கள். ஜெயபாலன் உட்காரவே மறுத்தார். தன்னைத் திருடன் என்று யாரோ தொலைபேசியில் சொன்னதாகக் கேள்விப்பட்டாராம். ஹாபிஸ் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"என் பையில என்ன இருந்துச்சு தெரியுமா, ஹாபிஸ் அண்ணே? பூசணிக்கா. கோயில் தோட்டத்துப் பூசணிக்கா. உங்க மூளை மாதிரியே நல்லா காத்தோட்டமா இருந்துச்சு."

சாரதாதேவி முதலில் அவரைத்தான் பார்த்துப் பேசினார். "நீங்கள் பந்திக்கு முதலே போயிட்டீங்கள். டின் பந்தி நேரத்தில இருந்தது, பிள்ளை திறந்து தாள் வச்சிருக்கிறா. அதனால உங்களுக்கும் இதுக்கும் தொடர்பில்லை. வரச் சொன்னதுக்கு மன்னிக்க வேணும்."

பிறகு சுரேனிடம், சாவி அவனிடம் இருந்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்றார். சமையல் நடக்கும்போது அந்த அறை திறந்தேதான் கிடக்கும். பந்தியிலிருந்து கடைசிவரை அவன் சாதம் பரிமாறிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. சுரேன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் எழுந்து போய் அவன் தலையில் கைவைத்தாள்.

"இரண்டு பேரும் போகலாம்," என்றார் அம்மையார். விமலாவைப் போகச் சொல்லவில்லை.

ஆண்கள் இருவரும் போகும்வரை காத்திருந்து அவர் ஹாபிஸ் பக்கம் திரும்பினார். பரணில் இருக்கும் அண்டாவை இறக்கச் சொன்னார். ஹாபிஸ் சிரித்தார். அப்புறம் விமலாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அண்டாவை இறக்கித் துணியை அவிழ்த்தபோது, சமையற்கட்டுச் சீலையில் சத்தம் வராமல் சுற்றிய பிஸ்கட் டின் உள்ளே இருந்தது.

"என் கடையிலயேவா," என்று முனகியபடி ஹாபிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசலால அவ்வளவு பெரிய சாமான் எதுவும் போகேல்லை, அண்டாவைத் தவிர," என்றார் சாரதாதேவி. "இரவல் பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்காத கை இது. நேற்று மட்டும் ஏன் ஒண்டும் வைக்கேல்லை? உள்ளே தின்பண்டம் இருந்தால் தம்பி உடனே திறந்திடுவார். ஒண்டும் இல்லையெண்டால் அடுத்த விசேஷம் வரைக்கும் பரணில கிடக்கும்."

"ஏன்கிறது எனக்கு விளங்கலயே," என்றாள் புனிதா.

அம்மையார் வரைபடத்தைக் காட்டினார். அது பந்திக்கு முன்பே சுருட்டப்பட்டது. அந்த நேரத்தில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. மஞ்சள் பட்ட கை சமையல்காரியுடையது மட்டும்தான். எல்லோரும் மேல் டிவிஷன் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். விமலா மட்டும் ஈயக்குட்டைப் பக்கம், கீழ் டிவிஷனில் விரல் வைத்திருக்கிறாள். போன எல்லைத் திருத்தத்தில் கீழ் டிவிஷனைப் பிரித்துப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்துவிட்டார்கள். புதிய கோடு இரண்டையும் மறுபடி ஒன்றாக்குகிறது.

"நாங்க போற இடத்துலதான் அவங்க இருக்காங்களா?" என்றாள் புனிதா மெதுவாக. இத்தனை வாரம் அந்தப் படத்தைச் சுமந்து திரிந்தவள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

விமலா அதுவரை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். கீழ் டிவிஷனில் பிறந்து மேல் டிவிஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே அண்ணன் இப்போது சிலிம் ரிவரில் இருக்கிறார், ஓட்டு மட்டும் இன்னும் கீழ் டிவிஷனில். அப்பா இறந்த வீட்டில் வார்த்தை முற்றி இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யார் முதலில் பேசுவது என்று வருஷங்கள் போய்விட்டன.

"ஆனா ஓட்டுப் போட வருவாரு," என்றாள் விமலா. "வயசானவங்களுக்கு ஒரே வரிசைதானே. எனக்குப் பின்னால வந்து நிப்பாரு. பேச மாட்டாரு. வெயில் ஏறுனா குடைய என் தலைக்கு மேல நீட்டுவாரு. நானும் திரும்பிப் பாக்க மாட்டேன். வரிசையில நிக்க யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்ல, பாருங்க. அதையும் போன தடவை பிரிச்சு விட்டுட்டாங்க. நேத்து அந்தப் படத்தப் பாத்ததும் மனசு கேக்கல. தேதி முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்திருப்பேன். தப்புத்தான், புனிதா."

புனிதா டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டிவிடுவாள் என்றுதான் ஹாபிஸ் நினைத்தார். அவளுக்கும் கோபம் வந்துதான் போனது. கோயில் நிலமே போயிருக்குமே என்று ஒருமுறை சொன்னாள். பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த மஞ்சள் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கள அங்க அனுப்பாதீங்கன்னு மட்டும்தானே கேட்டிருக்கோம்," என்றாள் கடைசியில். "அவங்கள இங்க கொண்டாந்து சேருங்கன்னு கேக்கத் தோணலயே. விசாரணையில அதைக் கேக்க முடியுமா, அக்கா?"

"கேட்கலாம். தருவினமோ தெரியாது. ஆனா கேட்கிறதுக்கு ஆள் வேணும்."

மறுநாள் காலை ஈப்போவில் தேர்தல் அலுவலகத்தில் தாள்களைக் கொடுத்து முத்திரை வாங்கினார்கள். விசாரணையில் பேசப்போகிறவர்கள் யார் என்று முகப்பு மேசையில் கேட்டபோது, தன் பெயருக்கு அடுத்து விமலாவின் பெயரைச் சொன்னாள் புனிதா. எனக்கு என்ன பேசத் தெரியும் என்று விமலா பதறியதை அவள் காதில் வாங்கவில்லை. வெளியே வேனில் ஹாபிஸ் காத்திருந்தார். புந்தோங்குக்குத் திரும்பாமல் நேராகப் பேருந்து நிலையத்துக்கு ஓட்டினார்.

"இங்க எதுக்கு?" என்றாள் விமலா.

"தேர்தல் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது, அக்கா. சிலிம் ரிவருக்கு பஸ் தினமும் இருக்கு லா."

புனிதா ஏற்கெனவே பயணச்சீட்டு வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து சீட்டைக் கையில் வைத்தபோதும் விமலா வேனைவிட்டு இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, திடீர்னு போய் நின்னா எதுக்கு வந்தேன்னு கேப்பாரே, என்ன சொல்றது என்றாள்.

புனிதா அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

"எல்லைத் திருத்தம் சம்பந்தமா கீழ் டிவிஷன் கருத்து கேக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க."

விமலா அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.