வடக்கு வெயில்

"என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை. வேற ஒண்டும் வேண்டாம்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ரதிதேவி இதைச் சொல்லிவிட்டார். ஒக்லாந்தின் இன்னொரு பக்கம், ஹில்ஸ்பரோவிலிருந்து தனியாகக் காரோட்டி வந்திருந்தார். கொண்டுவந்த துணிப்பையை மேசைமேல் வைத்தார். கத்தரிக்காயும் பூசணியும் கீரைக்கட்டும் பிதுங்கி வழிந்தன.

பாஸ்கரன் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் காலமெல்லாம் பொய்யையும் மெய்யையும் பிரித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின், தெரிந்தவர்கள் துப்புக் கேட்டு வரும் வீட்டுக் கராஜே அவருக்கு ஆபீஸ். அக்கா மகள் வைஷாலி அந்தத் திங்கட்கிழமை தன் ஐ.டி. வேலையை அங்கே உட்கார்ந்து பார்ப்பதாகப் பேர். ரதிதேவி கேட்டது காதில் விழுந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டாள். இந்தமாதிரி விஷயம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

விஷயம் இதுதான். ரதிதேவியின் ஒரே மகன் திலக்சன் கோடைக் காலத்தில் கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போனான். அப்பா தவராசா ஊரைக் கூட்டி விருந்து வைத்து, விமான நிலையத்தில் மாலை போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு மகன் ஒருமுறைகூட வீடியோவில் முகம் காட்டவில்லை. கேமரா பழுது என்றான். குரல் செய்தியும் படங்களும் மட்டும் வரும். படங்களிலும் அவன் இல்லை.

"நாளைக்கு இவருக்கு நெஞ்சில ஆபரேஷன். பொடியனுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார். சொன்னாலும் அங்கயிருந்து நேரத்துக்கு வந்து சேர ஏலாது. ஆனா இவருக்கு ஏதும் ஆச்சுதெண்டா..." ரதிதேவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "கதைக்கிறது அவன்தானோ எண்டே எனக்கு இப்ப சந்தேகம்."

"இப்பல்லாம் கம்ப்யூட்டரை வெச்சே யார் குரல்லயும் பேச வெக்கலாம் மாமா," என்றாள் வைஷாலி. சொன்ன பிறகுதான் அந்தத் தாயின் முகம் வெளுத்ததைக் கண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"செய்தியைப் போடுங்கம்மா," என்றார் பாஸ்கரன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்த செய்தி. கோபன்ஹேகனில் அப்போது சனிக்கிழமை இரவு. திலக்சனின் குரல் உற்சாகமாகத்தான் இருந்தது:

"அம்மா, இண்டைக்கு ஊர் முழுக்கச் சுத்திப் பாத்தன். விடியவே கால்வாயில படகு. பிறகு கடற்கன்னிச் சிலை, உவ்வளவு சின்னன்! அரண்மனையில காவலாளியள் மாறுறதையும் பாத்தன். பிறகு தேசிய மியூசியம். ஒரு வெண்கலக் குதிரை தங்கச் சூரியனை இழுத்துக்கொண்டு போகுது, பாத்துக்கொண்டே நிண்டன். வெளியில வந்து சுவரோட ஒட்டின வாங்கில முதுகைச் சாய்ச்சுக் குந்தியிருந்து சாப்பிட்டன். அப்பாட்டச் சொல்லுங்கோ, வடக்குப் பார்த்த வாங்கு, மத்தியான வெயில் நேரா முகத்தில. இப்ப அறைக்கு வந்து படுத்திட்டன். சரியான அலுப்பு."

"அப்பாட்ட ஏன் சொல்லச் சொல்றான்?"

"இவருக்கு வீடெண்டா வடக்குப் பாக்கவேணும் அண்ணை. ஒக்லாந்தில எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டு வளந்தவன்."

பாஸ்கரன் மறுபடி போடச் சொன்னார். வைஷாலி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். குரலுக்குப் பின்னால் இரைச்சல். ஆட்கள் கூவுகிறார்கள், பெட்டிகள் தரையில் விழுகின்றன, வண்டி பின்னால் வருகிற 'பீப் பீப்'. "சந்தை மாதிரி இருக்கு மாமா," என்றாள்.

"ம்." அவர் துணிப்பையைத் தொட்டார். "இவ்வளவு காய் எதுக்கும்மா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கிறியள்! முந்தி சந்தை எண்டாலே எரிஞ்சு விழுற மனுசன். இப்ப கொஞ்சக் காலமா ஞாயிறு எண்டா ஏவன்டேல் சந்தைக்குத் தனிய போய் அள்ளிக்கொண்டு வாறார். நேற்றைக்கும் நெஞ்சுநோவோட போய் வந்துதான் ஆஸ்பத்திரியில படுத்தவர். ரெண்டு பேர் எவ்வளவைத் திண்டு முடிக்கிறது? அதுதான் உங்களுக்கும் கொண்டுவந்தனான்."

பாஸ்கரன் எழுந்து கராஜ் வாசலுக்குப் போய் நின்றார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. வைஷாலிக்குப் பொறுமை போய்விட்டது. "என்னன்னு சொல்லுங்க மாமா, அவங்க தவிக்கிறாங்க!"

"பையன் உயிரோடதான் இருக்கான். பேசினதும் அவன்தான்," என்றார் பாஸ்கரன். "ஆனா அவன் கோபன்ஹேகன்ல இல்ல."

ரதிதேவி எழுந்தேவிட்டார்.

"மதுரையிலிருந்து நான் இங்க வந்த முதல் குளிர்காலம், தெற்குப் பக்கம்தான் வெயில் வரும்னு அங்க துணி காயப் போட்டேன். வாரம் முழுக்க ஈரமாவே கிடந்துச்சு. இந்த ஊர் பூமியோட தென்பாதியில இருக்கு, மத்தியானச் சூரியன் வடக்குல நிக்கும். அங்க டென்மார்க்குல தெற்குலதான் நிக்கும். சுவரை முதுகுக்கு வெச்சு வடக்கைப் பார்த்துப் பெஞ்சுல உக்காந்தா நிழல்தான், முகத்துல வெயில் எப்படி விழும்? கற்பனையா சொல்றவன் தெரிஞ்சதைத்தான் சொல்வான். இங்க வளர்ந்த பிள்ளைக்கு வெயில்னா வடக்கு. மியூசியத்தை நெட்ல பார்த்தான், சூரியனை மட்டும் இங்கேருந்து எடுத்துக்கிட்டான்."

"ஆஸ்திரேலியாவாவும் இருக்கலாமே?" என்றாள் வைஷாலி.

"ராத்திரி அறையில படுத்திருக்கேன்னு சொல்றவன் பின்னால சந்தை இரையுது. இங்க ஞாயிறு காலையில அப்படி இரையிற இடம் ஏவன்டேல். அதோட, சந்தையே பிடிக்காத மனுஷன் வாராவாரம் அங்க போறார். ஏன்? அதுக்கு நான் பதில் சொல்லக்கூடாது. அவரே சொல்லணும்."

ரதிதேவிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "பக்கத்தில இருந்துகொண்டோ என்னை இந்தப் பாடு படுத்தினவன்!" அடுத்த மூச்சில் ஓவென்று அழுதார். வைஷாலி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்மா. இப்ப உண்மையை மட்டும் அனுப்புங்க."

சத்தியத்தை மீறி அந்தத் தாய் போனில் குரல் செய்தி அனுப்பினார்: "தம்பி, அப்பாக்கு நாளைக்கு நெஞ்சில ஆபரேஷன். நீ ஏவன்டேலில இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். வா ராசா."

கேட்டுவிட்டான் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. வைஷாலி நகத்தைக் கடித்துத் துப்பினாள். பாஸ்கரன்கூட எதிரிலிருந்த கத்தரிக்காயை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வரி வந்தது.

"எந்த வார்ட், அம்மா?"

ஆஸ்பத்திரி வாசலில் திலக்சன் அவர்களுக்கு முன்பே வந்து நின்றான். மற்ற நாட்களில் வேலை பார்க்கும் ஏதோ கிடங்கின் பெயர் போட்ட ஆரஞ்சுச் சட்டை, மாற்றிக்கொள்ளக்கூட இல்லை. அம்மாவின் காலைப் பார்த்தபடியே பேசினான். "வேலை தாறன் எண்டவன் நான் ஏர்போர்ட்டில நிக்கேக்க கைவிரிச்சிட்டான் அம்மா. மாலை போட்டு அனுப்பின சனத்துக்கு முன்னால எந்த முகத்தோட திரும்பி வாறது? அப்பாக்குத் தெரிஞ்சா அவற்ர நெஞ்சு தாங்காது."

"வா," என்றார் ரதிதேவி. அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

தவராசா கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திறந்தவர் மகனை மேலும் கீழுமாகப் பார்த்தார். திடுக்கிடவில்லை.

"ஏவன்டேலில இருந்து பஸ்ஸோ, ரயிலோ?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று கத்தியது ரதிதேவிதான்.

"சந்தையில மரக்கறி ஏத்திவாற வானுக்குப் பின்னால பெட்டி தூக்குறான். ஒருநாள் தற்செயலாக் கண்டன். பிறகு முன் கடையில வாங்கிற சாட்டில நிண்டு பாக்கிறது." மூச்சு வாங்கியது. "வெக்கப்படுவான் எண்டுதான் கிட்டப் போகேல்ல. அவனாச் சொல்லட்டும் எண்டு இருந்தன். எனக்குத் தெரியுமெண்டு சொல்லாமலே நான் போயிடுவனோ எண்டு நேற்றையில இருந்து எனக்கும் பயமாத்தான் இருந்தது."

திலக்சன் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக் குலுங்கினான். தவராசா குழாய் சொருகிய கையை மெல்லத் தூக்கி அவன் தலைமேல் வைத்தார்.

"எழும்பி வந்தனெண்டா," என்றார், "இனி உன்ர கடையிலதான் வாங்குவன். மற்றவன்ர கத்தரிக்காய் முழுக்கச் சொத்தை."

வைஷாலி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.